காலி வண்டியின் எடை

பின் சீட்டுக்கும் அதன் சாய்மானத்துக்கும் நடுவிலிருந்த இடுக்கில் ஒரு நெல் முளைத்திருந்தது.

சிவசாமி அதை முதலில் பிய்ந்த நூல் என்றுதான் நினைத்தான். விரலால் இழுத்தபோது வெள்ளை வேரோடு வந்தது. வேரின் நுனியில் ஈரம். கொட்டகைக்குள் வைக்கோல் தூசும் பழைய பெட்ரோலும் எலிப்புழுக்கையும் கலந்த வாடை எப்போதும் இருக்கும்; அன்று அதற்கடியில், குனிந்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஊற வைத்து வடித்த விதைநெல்லின் புளித்த மணமும் இருந்தது. எலி கொண்டுவந்த நெல் என்று வெளியே எறிந்தான். ஆனால் அது சித்திரை வெயில். காரின் நான்கு கதவுகளும் பூட்டியிருந்தன. நெல் சும்மா கிடந்தால் முளைத்துவிடாது. யாராவது ஒரு நாள் முழுக்க ஊற வைத்து, சாக்கில் கட்டி, இருட்டில் வைத்திருக்க வேண்டும்.

மறுநாள் மூன்று முளைகள் இருந்தன.

யாரோ விளையாடுகிறார்கள் என்று அவனுக்குத் தோன்றியது. அந்தக் காருக்கு ஆசைப்பட்டவர்கள் குடவாசலில் நாலைந்து பேர் உண்டு. மேலப்பண்ணை மிராசுதார் இறந்த பிறகு அவர் மகன் நிலங்களையெல்லாம் விற்றுவிட்டுச் சிங்கப்பூர் போனபோது, இந்த வைக்கோல் கொட்டகையும் அது நிற்கிற மனையும் சல்லிசான விலைக்குச் சிவசாமிக்கு வந்தன. "உள்ள கிடக்கிறதெல்லாம் உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனான் அவன். உள்ளே கிடந்தது கார். வெள்ளைக்காரன் காலத்துக் கறுப்புச் சீமைக் கார், மடக்கித் திறக்கிற கூரையோடு. வேலை பார்த்த பஸ் கம்பெனியை மூடிவிட்டதால் இரண்டு வருடமாகச் சும்மா இருந்த சிவசாமி, மாதக்கணக்கில் படுத்து உருண்டு அதை ஓட வைத்துவிட்டான். மாப்பிள்ளை அழைப்புக்கு அப்படியொரு வண்டி ஜில்லாவிலேயே கிடையாது. ஆவணி முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டில் பேசியாகிவிட்டது. ஆனால் ஆர்.சி. புத்தகம் இல்லை, வாங்கிய ரசீது இல்லை. சிங்கப்பூருக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதிலும் இல்லை. ஆவணிக்குள் வண்டி தன் பேருக்கு வராவிட்டால், இனி வாழ்நாளெல்லாம் மைத்துனன் கடையில் மூட்டை எண்ண வேண்டியதுதான்.

கதவு இடுக்குகளில் கறுப்பு நூல் கட்டிவைத்தான். காலையில் நூல் அறுபடாமல் இருந்தது. உள்ளே ஏழு முளைகள்.

பத்திரம் எழுதுகிற காயாரோகணம், விஷயத்தைக் கேட்டுவிட்டு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டார். முப்பது வருடமாக நிலப் பத்திரம் தவிர வேறெதுவும் எழுதாத மனிதர்.

"நிலத்துக்கு என்ன சொல்றோம்? பன்னண்டு வருசம் இடைவிடாம அனுபோகத்துல இருந்தா அவனுது. கார் மட்டும் என்ன, சக்கரம் வச்ச நிலந்தானே. அதே மாதிரி எழுதிப்புடுவோம்."

"ஆபீசுல ஒத்துக்குவாங்களாண்ணே?"

"சத்தியக் கடுதாசி குடுத்து, பேப்பர்ல அறிவிப்பு போட்டு, முப்பது நாள்ல யாரும் ஆட்சேபணை சொல்லலைன்னா, அவங்களுக்கு என்ன வந்துச்சு?" காயாரோகணம் காரின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய வரி வில்லையைச் சுரண்டிக் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "அறுபத்தேழு மார்ச் வரைக்கும் வரி கட்டியிருக்கு. சரி. அறுபத்தேழு சித்திரை ஒண்ணுலேருந்து வண்டி உன் அனுபோகம்."

சிவசாமி வில்லையைத் திரும்ப வாங்கித் தேதியைப் பார்த்தான்.

"என்னய்யா?"

"அறுபத்தெட்டுன்னு போடலாமே."

"நடுவுல சந்து விடப்படாது. ஒரு வருசம் யாருகிட்ட இருந்துச்சுன்னு கேப்பான். வரப்புல ஓட்டை விட்டா தண்ணி நிக்குமா?"

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அறுபத்தேழு ஆனியில் அந்தக் கார் எங்கே போனது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொன்னதில்லை. அரைப்படி நெல் கூலி உயர்வு கேட்டு நடவுக்கு ஆள் இறங்காத வருடம் அது. சங்கத்துக்காரன் காத்தான் நாற்றங்காலுக்கு விதை எடுத்துப் போன சாயங்காலம் காணாமல் போனான். அப்போது பஸ் ஓட்டிக்கொண்டிருந்த சிவசாமி, மதகடி டீக்கடைக்குப் பக்கத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். கார் மதகு மேட்டில் மெதுவாக ஏறியது. மிராசுதாரின் டிரைவர் அய்யாக்கண்ணு ஓட்டினான். பின் சீட்டில் இரண்டு ஆட்களுக்கு நடுவில் காத்தான், மடியில் கட்டிய விதைநெல்லோடு. அவன் சிவசாமியைப் பார்த்தான். ஒரு முழு நிமிடம் பார்த்தது போலிருந்தது. சிவசாமி துண்டால் முகத்தை மூடித் துடைத்தான். பிறகு போலீஸ் கேட்டபோது, முகம் கழுவிக்கிட்டு இருந்தேன், பாக்கலீங்க என்றான். அய்யாக்கண்ணு அடுத்த வருடமே செத்துப்போனான்.

"கையெழுத்துப் போடு" என்றார் காயாரோகணம். "யாருக்கு ஞாபகம் இருக்கப்போவுது."

போட்டான்.

வைகாசியில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்க வந்தார். காலி வண்டியின் எடை வேண்டும் என்று, ரைஸ்மில் எடைமேடையில் ஏற்றச் சொன்னார். சிவசாமி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினான். எடை பார்க்கிற கோவிந்தராசு கல்லை நகர்த்தினான், திரும்ப நகர்த்தினான். பானெட்டுக்குள் பித்தளைத் தகட்டில் கம்பெனி அடித்திருந்த எடையோடு ஒத்துப்பார்த்தான்.

"பெட்ரோலையெல்லாம் கழிச்சுட்டேன். அம்பத்திரண்டு கிலோ கூட நிக்குது. யாரையாவது உள்ள உக்கார வச்சிருக்கீங்களா, ஒல்லியான ஆளா?"

"சீட்டு ஈரமா இருக்கு" என்றான் சிவசாமி.

"அம்பத்திரண்டு கிலோவுக்கா? குளிப்பாட்டிக் கூட்டியாந்தீங்களா வண்டிய?"

இன்ஸ்பெக்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பின்னாடி இருக்கிறவரை எறங்கச் சொல்லுய்யா. எடை போடறப்ப என்ன உக்காந்துக்கிட்டு."

கோவிந்தராசு சிரிப்பதை நிறுத்தினான். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, போட்டு, மறுபடி பார்த்தார். பிறகு வண்டியின் பக்கமே திரும்பாமல், கூடுதல் எடையையே காலி எடையாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"அம்பத்திரண்டும் வண்டியோட சேந்ததுன்னு எழுதிட்டேன்" என்றார். கிளம்புகிற அவசரத்தில் பேனா மூடியை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்.

இருவருமாகச் சேர்ந்து ஆடுகிறார்கள் என்று சிவசாமி தனக்குள் சொல்லிக்கொண்டான். பேரம் பேசத்தான் இந்தப் பயமுறுத்தல். வீட்டுக்கு வந்து பின் சீட்டைக் கழற்றி வெயிலில் போட்டான். தேங்காய் நார் வரைக்கும் பிரித்துப் பார்த்தான். ஒரு நெல் இல்லை. திரும்ப வைத்துத் தைத்தான். மூன்றாம் நாள் சீட்டின் நடுவில், ஒரு ஆள் உட்கார்ந்து எழுந்த அகலத்துக்கு, நாற்று பச்சைப் பசேலென்று நின்றது.

பேப்பரில் அறிவிப்பு வந்து இருபத்தொன்பதாம் நாள் ஒரு பெண் வந்தாள். அறுபது வயது இருக்கும். மடித்த பேப்பர்த் துண்டைக் கையில் வைத்திருந்தாள். காத்தான் மனைவி எல்லையம்மாள். பதினான்கு வருடமாகச் சிவசாமி அவள் வருகிற தெருவில் போவதில்லை.

"எம் பேத்தி படிச்சுக் காமிச்சுது" என்றாள். "அறுபத்தேழு சித்திரையிலேருந்து வண்டி ஒங்ககிட்டதான்னு போட்டுருக்காமே. நெசந்தானுங்களா?"

"சட்டத்துக்காக எழுதுறதும்மா."

"ஆனி பதினேழும் ஒங்ககிட்டதானா?"

கொட்டகைக்கு வெளியே வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்த இரைச்சல். இல்லை என்றால் சத்தியக் கடுதாசி பொய். வண்டி போய்விடும். ஆவணி போய்விடும்.

"ஆமா" என்றான் சிவசாமி.

அவள் அழவில்லை. நெடுநாளாகத் தேடிய வீட்டுக்கு வழி கிடைத்தவள் மாதிரி தலையை ஆட்டினாள். "யாரக் கேக்கறதுன்னு தெரியாமலே இத்தன வருசம் போயிருச்சு."

"ஆட்சேபணை சொல்லப் போறியா?"

"எனக்கு காரு எதுக்குங்க." கேட்காமலே உள்ளே வந்தாள். பின் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, வீட்டு ஆளோடு பேசுகிற சாதாரணக் குரலில், "எறங்குங்க, போவலாம்" என்றாள்.

காது கொடுத்துக் கேட்டாள். சிவசாமிக்கு எதுவும் கேட்கவில்லை. வாய்க்கால் மட்டும்.

"வரமாட்டேங்குறாரு" என்றாள் திரும்பி. "ஏத்திக்கிட்டு வந்தவருதான் கொண்டுபோயி எறக்கணுமாம்."

"நான் ஏத்தலை. நான் பாக்கத்தான் செஞ்சேன்."

சொல்லிய பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்தது. எல்லையம்மாள் அவனைப் பார்த்தாள். கோபம் இல்லை. எதுவும் இல்லை.

"நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க" என்றாள். பேப்பர்த் துண்டைப் பானெட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

ஆர்.சி. புத்தகம் ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தது. உரிமையாளர் என்ற இடத்தில் அவன் பெயரும் அப்பா பெயரும் இருந்தன. சந்தோஷமாகத்தான் இருந்தது. சுவரிலிருந்த தேதிக் காலண்டரை ஆனி பிறந்ததிலிருந்தே கிழிக்கவில்லை. அன்றும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. புது நம்பர் எழுத வேண்டும், பெயிண்டர் கடை மதகடிக்கு அந்தப் பக்கம். வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டு வந்துவிடலாம். பின் சீட்டின் மேல் தடித்த கோணியை விரித்துப் போட்டான். கண்ணாடியைத் திருப்பி வைத்தான், பின்னால் எதுவும் தெரியாதபடி.

வண்டி முதல் தட்டிலேயே எடுத்தது.

வாய்க்கால் கரை ரோடு. இரண்டு பக்கமும் நாற்றங்கால்கள், வெயில் சாய்ந்து மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கொக்குகள். எதிரில் சைக்கிள்கூட வரவில்லை. அப்படியொரு சாயங்காலம் இருந்திருக்கிறது என்று நினைத்தான், ஆனால் எப்போது என்று யோசிக்க விரும்பவில்லை. புளித்த விதைநெல் மணம் முன்சீட்டுக்கு வந்தது. கோணிக்கடியில் சரசரப்பு.

நாற்றங்காலுக்கு இறங்குகிற அரசமரத்தடியில் வண்டி தானாக மெதுவானது. அவன் கால் பிரேக்கில் இல்லை.

பின் கதவு திறக்கிற சத்தம். இடது பக்கம். சீட்டு ஸ்பிரிங் அழுந்தியது. வலது பக்கமும். அழுந்தியது. கதவுகள் சாத்திக்கொண்டன. நடுவில் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

"நான் இல்ல" என்றான் சிவசாமி. "அய்யாக்கண்ணு."

வண்டி நகர்ந்தது.

ஸ்டியரிங்கை ஒடித்தான். அது அவன் கையோடு வரவில்லை. அவன் கைதான் அதோடு போனது. கதவுப் பிடியைத் தேடினான். விரலில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. குனிந்து பார்த்தான். இரண்டு தொடைகளுக்கும் நடுவில், ஓட்டுகிற சீட்டின் தோலைக் கிழித்துக்கொண்டு, வெள்ளையாக ஒரு முளை. பக்கத்தில் இன்னொன்று. வேட்டிக்குள்ளும்.

திருப்பி வைத்த கண்ணாடி மெல்லத் திரும்பியது.

ஈரத் தலை. மடியில் கட்டிய விதை. இரண்டு தோள்களுக்கு நடுவில் ஒடுங்கிய ஒல்லியான ஆள். அவன் அந்த இருவரையும் பார்க்கவில்லை. சிவசாமியையும் பார்க்கவில்லை. வெளியே, முன்னால், ரோட்டோரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே யாரோ இருக்கிறார்கள் என்ற நம்பிக்கையோடு.

மதகு மேடு. வண்டி ஏறியது. மெதுவாக.

இடித்து ஆறு வருடமான டீக்கடை அங்கே இருந்தது. கீற்று புதிதாக. பாய்லர் புகை. நிறுத்தியிருந்த பஸ்ஸின் நிழலில், காக்கிச் சட்டை போட்ட ஒருவன் சொம்பிலிருந்து தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டிருந்தான். இளவயசு. நெற்றியில் தழும்பு. சிவசாமியின் கை தன் நெற்றிக்குப் போனது.

நிமிர்ந்தான் அவன். பார்த்தான். வண்டிக்குள் இருந்த எல்லோரையும்.

சிவசாமி வாயைத் திறந்தான். கத்தினான். கண்ணாடியை அறைந்தான். வாய்க்குள்ளிருந்து சத்தம் வரவில்லை. நாக்கின் மேல் ஊறிய நெல் இருந்தது, பல்லுக்குப் பல் அப்பி, தொண்டை வரைக்கும்.

காக்கிச் சட்டைக்காரன் தோளிலிருந்த துண்டை எடுத்தான். முகத்தை அதில் புதைத்தான். துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.