நானூற்றுப் பதினேழாம் டோக்கன்

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில், கம்ப்யூட்டர் திரையில் திறந்திருந்த விண்டோக்களின் தலைப்பட்டைகள் எல்லாம் ஒரே மூச்சில் மறைந்துபோயின. மூடுகிற குறி இல்லை, ஓரம் இல்லை. சாம்பல் நிறச் சதுரங்கள் மட்டும் ஒன்றின் மேல் ஒன்றாக அசையாமல் கிடந்தன. இன்பராஜ் மவுஸை இழுத்துப் பார்த்தான், பெட்டியின் தலையில் ஒரு தட்டும் தட்டினான். சனியன், நகருவேனா என்றது.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில், ஆட்கள் இறங்கி ஏறுகிற அந்த ஷாப்டின் டைம் ஆபீஸில் அவன் ஒருத்தன்தான். வேலை ஒன்றும் மலையைப் புரட்டுவதல்ல. சுரங்கத்தில் இறங்குகிறவன் கவுண்டர் துளையில் தன் பித்தளை டோக்கனை வாங்கிக்கொண்டு போனால், அவன் நம்பரில் திரையில் ஒரு விண்டோ திறக்கும். ஏறி வந்து டோக்கனைத் திருப்பிக் கொடுத்தால், இன்பராஜ் அந்த நம்பருக்கு 'மேலே' என்று அடிப்பான், விண்டோ மூடும். எல்லாம் மூடியபின் இன்பராஜ் போனில் 'கிளியர்' சொல்வான். மூன்றரைக்குக் கீழே வெடி வெடிக்கும். ஒரு விண்டோ திறந்திருந்தாலும் கீழே ஒரு ஆள் இருக்கிறான் என்று பொருள்.

அதற்குள் ஷிப்ட் ஆட்கள் ஏறி வந்துவிட்டார்கள். டோக்கன்கள் கலகலவென்று விழ விழ, ஒவ்வொன்றாகப் பலகையில் மாட்டினான். இரண்டு ஆணி தவிர எல்லாம் நிறைந்தன. ஒன்று இன்பராஜின் பழைய நம்பர். இன்னொன்று 417, நாலு வருஷமாகவே காலி. செத்தவன் நம்பரை அங்கே யாருக்கும் கொடுப்பதில்லை.

அந்த ப்ரோக்ராமை எழுதிக் கொடுத்த கிரிஷ் பெங்களூரில் இருந்தான். அவனுக்குப் போன் போட்டதும், விண்டோக்களுக்கு ஓரம் போடுகிற விண்டோ மேனேஜர்தான் விழுந்திருக்கிறது, உள்ளே ப்ரோக்ராம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்று தைரியம் சொன்னான். அவன் சொல்லச் சொல்ல இன்பராஜ் எழுத்து பிசகாமல் அடித்தான். திரை கறுத்து, வெள்ளை எழுத்து வந்து, தலைப்பட்டைகள் திரும்பின. அப்பாடா என்று சாய்ந்தான். அடுத்த நிமிஷமே மறுபடி போயின.

மூன்றாம் முறை விழுந்தபோது, எதனால் விழுந்தது என்று கம்ப்யூட்டரே குறித்து வைத்திருக்கும் கடைசி வரிகளைப் படிக்கச் சொன்னான் கிரிஷ்.

"அகலம் பூஜ்யம், உயரம் பூஜ்யம்னு ஒரு விண்டோ தொறக்கச் சொல்லி கேட்டுக்கினே கீது," என்றான் இன்பராஜ். "நம்பர் நானூத்திப் பதினேழு."

"அதான் சார், அதை வரைய முடியாமத்தான் கிராஷ் ஆவுது. அந்த ஆளு மேல வந்துட்டான்னு போட்டுடுங்க. சரியாயிடும்."

இன்பராஜ் பலகையில் அந்தக் காலி ஆணியைத் திரும்பிப் பார்த்தான்.

417 டேவிட்டின் நம்பர். அவனும் இன்பராஜும் கீழே ஒரே லெவலில், ஒரே ஆழத்தில் வேலை பார்த்தவர்கள். முன்னால் ஏறுகிறவன் பின்னால் வருகிறவனின் டோக்கனையும் சேர்த்துப் போட்டுவிடுவது அங்கே எல்லாரும் செய்கிறதுதான். நாலு வருஷத்துக்கு முன் ஒரு நாள் டேவிட் தன் டோக்கனை இவன் கையில் திணித்தான். "என்துதையும் போட்டுடு மச்சா. டிபன் கேரியரை உட்டுட்டேன், எடுத்துக்கினு பின்னாலயே வரேன்." இன்பராஜ் மேலே வந்து இரண்டையும் போட்டான். ஆணிகள் நிறைந்தன. கிளியர் போனது. வெடித்தது.

அந்த இரண்டாவது டோக்கனைப் போட்ட கை யாருடையது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அன்றோடு இன்பராஜ் சுரங்கத்தில் இறங்குவதை விட்டு டைம் ஆபீஸுக்கு வந்தான். தன் 418-ஆம் டோக்கனைச் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டான். டேவிட்டின் பெண்டாட்டி ஜெயமேரி இப்போதும் கோயில் வாசலில் அவனைப் பார்த்தால், நல்லா இருக்கீங்களாண்ணா என்று கேட்கிறாள்.

மூன்று இருபத்தைந்து. வெடி வைக்கிற வால்டர் போனருகே காத்திருப்பார். கிளியர் போகாவிட்டால் பெரிய ஆபீசிலிருந்து ஆள் வருவான். 417 எப்படி வந்தது என்று கேட்பான், கிளறுவான். அப்புறம் ஜெயமேரி முகத்தில் எப்படி விழிப்பது? போனை வைத்துவிட்டு 417 என்று அடித்தான். பக்கத்தில் 'மேலே' என்று அடித்தான்.

தலைப்பட்டைகள் வந்தன. இந்த முறை நின்றன.

அப்போதுதான் அந்த வாசம் வந்தது. ஈரப் பாறையும் வெடிப்புகையும் கலந்து தொண்டையில் கசக்கிற, அவன் நாலு வருஷமாக மறக்கப் பார்த்த வாசம். ஜன்னல் வெளிச்சம் மங்கியது. கவுண்டருக்கு வெளியே பூட்ஸ் இழுபடும் சத்தம். ஷிப்ட் ஆட்கள் எல்லாரும் போயாயிற்று. யாரும் இருக்கக் கூடாது.

துளைக்குள் ஒரு கை நீண்டது. நனைந்த கை. நகமெல்லாம் பாறைத்தூள். ஒரு டோக்கனை வைத்தது.

417.

பக்கத்தில் இன்னொன்று.

418.

சாவிக் கொத்தைத் துழாவினான். சாவிகள் மட்டும் இருந்தன.

திரையில் அவன் நம்பர் மின்னியது. 418, மேலே.

"உன்துதையும் போட்டுட்டேன் மச்சா."

பூட்ஸ் விலகிப் போனது. இன்பராஜ் துளையில் எட்டிப் பார்த்தான். முற்றம் இல்லை. சைக்கிள் ஸ்டாண்டு இல்லை. கறுத்த பாறை. அதில் நீர் வழிந்தது.

போனை எடுத்தான். யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய சொந்தக் குரல்தான்.

"எல்லாரும் மேல வந்துட்டாங்க வால்டர் சார். கிளியர்."

கத்தினான். லைன் அறுந்தது.

வெடிக்கு முந்தைய சங்கு ஊத ஆரம்பித்தது. வெகு உயரத்தில். தலைக்கு மேலே.