கீழே பிடித்த கை

ஒன்பதாவது போல்ட்டுக்குக் கீழிருந்து தட்டு முந்திக்கொண்டு வந்தது. சுப்புராயன் இன்னும் போல்ட்டை ஓட்டையில் இறக்கவே இல்லை.

மேலே அவர் ஒரு தட்டுத் தட்டினால் நட்டைப் பிடி என்று அர்த்தம். கீழே படுத்திருக்கும் மச்சான் உத்திராபதி ஸ்பேனரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டுவான். அதற்குப் பிறகுதான் முறுக்கு. சென்னையில் ஓடி ஓய்ந்த மீட்டர்கேஜ் மின்சார ரயில் பெட்டி அது. கடலூர் முதுநகரில் அருங்காட்சியகம் வரப்போகிற கொட்டகைக்குள், சக்கரம் கழற்றி, மரக்கட்டைகள் மேல் இறக்கி வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்துப் பேர் சம்பளமில்லாமல் வந்து சீர்செய்கிறார்கள். அன்று மழை. சிதம்பரத்திலிருந்து வருகிற மற்ற எட்டுப் பேரும் வரவில்லை. மாமனும் மச்சானும் மட்டும்தான். நீளமான தரைப் பலகை ஒன்று, அதற்குப் பத்தொன்பது போல்ட்.

மதியம் மூன்று மணிக்கே பெட்டிக்குள் இருட்டு கட்டியிருந்தது. தகரக் கூரையில் மழை விடாமல் கொட்ட, பழைய ரெக்சின் சீட்டும் துருவும் ஊறி, யாரோ வியர்த்துக் கிடந்து எழுந்துபோன பாய் மாதிரி ஒரு வாடை தரை ஓட்டைகள் வழியாக மேலே வந்துகொண்டிருந்தது. சிப்காட்டில் முப்பது வருஷம் ரசாயனத் தொட்டிகளுக்குள் இறங்கி வேலை பார்த்த மூக்கு அவருடையது. இந்த வாடை அதற்குப் பழக்கமில்லை.

பயல் அவசரப்படுகிறான் என்று நினைத்துப் போல்ட்டை இறக்கினார். உத்திராபதியின் பிடி எப்போதும் வழுக்கும். இறுக்கும்போது நட்டும் கால் சுற்று கூடவே சுற்றும். இது பாறையில் ஊன்றியதுபோல் நின்றது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

பதின்மூன்றாவதை எடுத்தபோது பெட்டி வாசலில் உத்திராபதி நின்றான். நனைந்திருந்தான். கையில் டீ பார்சல். எட்டாவது முடிந்ததுமே சொல்லிவிட்டுத்தான் போனானாம். மழையில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் கேட் பக்கம் நின்றானாம்.

சுப்புராயன் தரையைப் பார்த்தார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

"சம்பளமில்லாத வேலைக்கு ஆள் சேருதுன்னா நல்லதுதானே மாமா. தெரிஞ்சிருந்தா அதுக்கும் ஒரு டீ வாங்கியாந்திருப்பேன்."

பார்த்துவிட்டு வருவதாக டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினான். போகாதே என்று சொல்ல வாயெடுத்தார். பயமாயிருக்கிறது என்று எந்த வேலையிலும் அவர் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. அவர் பெண்டாட்டிக்கு அவன் ஒரே தம்பி.

பெட்டிக்கு அடியில் அவன் ஊர்ந்து வரும் சத்தம் கேட்டது. மிச்சமிருந்த ஏழு ஓட்டைகளிலும் டார்ச் வெளிச்சம் குச்சி குச்சியாக எழுந்தது.

"யாருமில்ல மாமா." கொஞ்சம் நிறுத்தினான். "ஸ்பேனரத்தான் காணோம். இங்கதான் வச்சிட்டுப் போனேன்."

"வெளிய வா."

"வரேன்."

வரவில்லை. பெட்டியின் அந்தக் கோடியில், தரைக்கு அடியில், ஒரு தட்டு. அப்புறம் கொஞ்சம் கிட்டத்தில். இன்னும் கிட்டத்தில். வெளிச்சம் அணைந்தது.

"மாமா, பலகையத் தூக்குங்க." குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "வழிய அடச்சிக்கிட்டுப் படுத்திருக்கு."

பன்னிரண்டாவது போல்ட்டில் தன் ஸ்பேனரை மாட்டிக் கழற்றப் பார்த்தார். முழு உடம்பையும் கொடுத்தார். போல்ட் சுற்றியது. தளரவில்லை. அவர் சுற்றச் சுற்றக் கீழே நட்டும் கூடவே சுற்றியது. அவரைவிட வேகமாக. பலகை இறுகி முனகியது.

பக்கத்து ஓட்டையில் ஒரு விரல் மேலே வந்தது. போன மாசம் ஜாக்கியில் நசுங்கிய நகம். உத்திராபதிதான். பாய்ந்து பிடித்தார். சூடு இருந்தது. உயிர் இருந்தது.

"விட மாட்டேன் மச்சான்."

விரல் அவர் கையை இறுக்கிக்கொண்டது.

தலையைத் தூக்கினார். மீதி ஆறு ஓட்டைகள். ஆறிலும் விரல். ஆறிலும் அதே நசுங்கிய நகம். அவர் கையில் இருந்ததும் சேர்த்து, ஏழும் ஒன்றாக மடங்கின.