நிலுவையில் இருந்த விலகல்

நூலகத்தின் கணினி மறுபடியும் நின்றுவிட்டது. நூலகர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, விசைப்பலகையை முறைத்தார். வரிசையில் முதலில் நின்ற அவளுக்கு, வேலை முடிந்து வந்த உடம்பெல்லாம் அலுப்பு. வெளியே மழை வேறு...

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் நூல் இரவலைப் பதியும் அந்த மென்பொருளை அவள் அறிவாள். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், யாரும் திருத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்டது அது. அதன் கையேட்டை ஆறு வருடங்களாக எழுதியும் திருத்தியும் வந்தவள் அவள்தான்.

"முதல்ல சேமிச்சுக்கோங்க சார். அப்புறம் கோபப்படுங்க," என்று கையேட்டின் வரி ஒன்றையே சொன்னாள்.

நூலகர் சிரித்துவிட்டார். அவள் முதுகுக்குப் பின்னால் களைத்த ஆண்குரல் ஒன்று, தனக்குத்தானே பேசுவதுபோல் சொன்னது.

"ஏழாவது அத்தியாயம். சிட்டு எழுதினது."

சிட்டு என்பது அந்த மென்பொருள் திட்டத்தில் அவள் வைத்துக்கொண்ட பெயர். இப்போது அது எங்கும் இல்லை. மூன்று மாதங்களுக்கு முன் நன்றிப் பட்டியலைப் புதுப்பித்தபோது, நிரல் எழுதியவர்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற அனைவரையும் நீக்கிவிட்டார்கள். ஆகவே, அந்த வரி யாருடையது என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான்... அவள் எழுதியதையெல்லாம் படித்து ஒப்புதல் தந்த, ஆமை என்ற பெயர்க்காரன். நீக்கியவனும் அவன்தான்.

திரும்பினாள். நனைந்த தலை. சரியாகத் தூங்கிப் பல நாளான கண்கள். திட்ட நினைத்துத் திரும்பியவளுக்கு, அந்தக் கண்கள் அத்தனை சாந்தமாக இருந்தது எரிச்சலாக இருந்தது.

"நீங்க... ஆமையா?"

அவன் முகம் மாறியது. "அப்போ நீங்க... சிட்டுவா? இவ்வளவு கோபமான சிட்டை நான் பார்த்ததில்லைங்க."

"இவ்வளவு தைரியமான ஆமையை நானும் பார்த்ததில்லை."

அவள் விடுவிடுவென்று வெளியேறினாள். மழை வாசலிலேயே நிறுத்தியது. அவனும் வந்து, ஓர் ஆள் நிற்கும் இடைவெளி விட்டு, அதே கூரையின் கீழ் நின்றான்.

மெதுவாகச் சொன்னான். அலுவலகம் முடிந்து வந்து, நிரல் வேலை முழுவதையும் அவன் ஒருவனே பார்த்துக்கொண்டிருந்தான். நிரலின் வரிகளை எண்ணிப் பட்டியலைத் தானாகத் தயாரிக்கும் திருத்தம் ஒன்றை யாரோ அனுப்ப, கண் சொருகிய நேரத்தில் படிக்காமலே ஒப்புதல் தந்துவிட்டான். மறுநாளே தவறு தெரிந்தது. பெயர்களைத் திரும்பச் சேர்த்துத் திருத்தம் அனுப்பினான். ஆனால் ஒருவர் செய்ததை இன்னொருவர் ஒப்புக்கொண்டால்தான் அது சேரும் என்பது அந்தத் திட்டத்தின் விதி. கையேட்டுக்கும் பட்டியலுக்கும் அவனைத் தவிர இருந்த அந்த இன்னொருவர் அவள்தான். அவளோ அதைத் திறக்கவே இல்லை. தான் பொறுப்பிலிருந்து விலகுவதாக வேறொரு திருத்தம் அனுப்பினாள். அது அவன் ஒப்புதலுக்குக் காத்திருந்தது.

அவள் தன் அண்ணி கேட்டதைச் சொன்னாள். கண்ணைக் கெடுத்துக்கொண்டு யாருக்காக எழுதுகிறாய், பேர்கூட இல்லையாமே என்று அண்ணி கேட்டிருந்தாள். பெயர் போனதுகூடப் பெரிதில்லை. தன் ஒவ்வொரு வரியையும் படித்தவனே அதைச் செய்தானே என்பதுதான் வலித்தது.

"ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமே?"

"எழுதி எழுதி அழிச்சேன். எனக்குத் திருத்தம் அனுப்பத்தான் தெரியும்ங்க... மன்னிப்புக் கேக்கத் தெரியலை."

அவள் கைப்பேசியில் அவன் அனுப்பியிருந்த திருத்தத்தைத் திறந்தாள். தன் பெயரை முதலில் தேடவில்லை. எழுத்துப்பிழை கண்டு சொன்னவர், மொழிபெயர்த்தவர், புதியவர்களின் கேள்விகளுக்குச் சலிக்காமல் பதில் சொன்னவர்... எல்லோரும் இருந்தார்கள். அவள் பெயர் கடைசியில்.

"உங்க பேரை மட்டும் போட்டிருந்தா, இன்னும் ரெண்டு மடங்கு திட்டியிருப்பீங்க," என்றான்.

உண்மைதான். திரையில் தெறித்த துளியைத் துடைப்பதுபோல் குனிந்து, சிரிப்பை மறைத்துக்கொண்டு, ஒப்புதல் தந்தாள்.

"என் விலகலை ஏன் இன்னும் ஒப்புக்கலை? ஒரு பொத்தானை அமுக்குற வேலைதானே?"

அவன் மழையைப் பார்த்தான்.

"காலையில நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னு பார்த்துட்டுத்தான் நான் பல்லே தேய்ப்பேன். முகம் தெரியாது, குரல் தெரியாது... ஆனா நீங்க இல்லாத ஒரு காலையை என் கையாலேயே அனுமதிக்க முடியலை."

மழை விட்டிருந்தது. போகலாம். அவள் போகவில்லை. நடுவிலிருந்த அந்த ஓர் ஆள் இடைவெளியில் அவளே வந்து நின்றாள்.

"நானும் தினம் என் விலகல் இருக்கிற பக்கத்தைத் திறந்து பார்ப்பேன்..."

"எதுக்கு?"

"நீங்க ஒப்புதல் கொடுத்துட்டீங்களோன்னு... பயந்துக்கிட்டு."