பன்னிரண்டாவது கடை

1973, மார்ச். பிற்பகல் 2.15.

அடையாறு ஆற்றங்கரையிலிருந்த அந்த மருத்துவக் கல்லூரியில், காட்சிக்கூடத்தைத் திறந்த உதவியாளர் தணிகாசலம் ஜாடிகளில் மிதந்த மூளைகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். மூளைகள் சரியாக இருந்தன. படத்தைத்தான் காணவில்லை.

ஆறடித் துணிப்படம். மூளையிலிருந்து கிளம்பும் பன்னிரண்டு நரம்புகளையும் பன்னிரண்டு சித்திரங்களாக்கி மாணவர்களின் நினைவில் ஏற்றும் முறை. கண்டுபிடித்தவர் என்று சொல்லிக்கொண்டவர் பேராசிரியர் சண்முகசுந்தரம். நான்கு மணிக்கு டில்லி நிபுணர்கள் முன்னிலையில் திறப்பு விழா. படத்தின் தலையில் ஓரடி எழுத்தில் அவர் பெயர். அதன் கீழே பட்டங்கள். மிச்சமிருந்த இடத்தில் நரம்புகள்.

2.40.

சப்-இன்ஸ்பெக்டர் பொன்ராஜ் வந்தார். மூக்குப்பொடியை விட்டு அன்றோடு மூன்று நாள். போட்ட நாற்காலியில் உட்காராமல் அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதுல துப்பறிய ஒண்ணுமில்லை, மிஸ்டர் பொன்ராஜ்" என்றார் பேராசிரியர், கையிலிருந்த பாதி ஆங்கில நாளிதழால் விசிறிக்கொண்டே. "எடுத்தது ஜஹனாரா. கடைசி வருஷ மாணவி. பன்னிரண்டரையிலிருந்து ஒரு மணி வரைக்கும் இங்கேதான் படிச்சுக்கிட்டிருந்தா. நாளைக்கு அவளுக்கு வாய்மொழித் தேர்வு. உட்கார விடக்கூடாதுன்னு முதல்வருக்கு எழுதியாச்சு."

"என்னைக் கூப்பிடறதுக்கு முன்னாடியேவா சார்?"

"ஒழுக்க விஷயத்துல நான் தாமதிக்கிறதில்லை."

ஒரே கதவு. பூட்டு உடையவில்லை. ஜன்னல்களில் கம்பி. சாவிகள் இரண்டு: ஒன்று பேராசிரியரின் வளையத்தில், மற்றது தணிகாசலத்தின் இடுப்புக் கயிற்றில். தணிகாசலம் ஒரு மணிக்குப் பூட்டிவிட்டு, சாப்பிட்டு, கொஞ்சம் கண் அசந்திருக்கிறார். படத்தை மூடியிருந்த துணி மேஜைமேல் நாலாக மடித்துக் கிடந்தது. சுவரில் அதே அளவில் பழைய படங்கள்: நுரையீரல், இதயம், சிறுநீரகம். கல்லீரல் மட்டும் விருந்து சாப்பிட்டது போல லேசாகப் புடைத்திருந்தது.

3.05.

தாழ்வாரத்தில் ஜஹனாரா நின்றிருந்தாள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம்.

"இந்தத் தேர்வு ஏற்கெனவே ரெண்டு தடவை போயிடுச்சு சார். நாளைக்கும் போச்சுன்னா வீட்ல படிப்பை நிறுத்திடுவாங்க."

"படத்தை நீ பார்த்தியாம்மா?"

"துணி மூடியிருந்தது. ஆனா உள்ள என்ன இருக்கும்னு தெரியும் சார்."

நோட்டைப் பிரித்தாள். "எனக்குப் பேரு மனசுல நிக்காது. கடை நிக்கும். பாண்டி பஜார் மாதிரி பன்னிரண்டு கடை. முதல் நரம்பு வாசனைக்கு, அத்தர் கடை. ரெண்டாவது பார்வைக்கு, மூக்குக்கண்ணாடிக் கடை. எட்டாவது காதுக்கு, ரேடியோக் கடை. பன்னிரண்டாவது நாக்குக்கு, சலூன்."

சலூன் படத்தில் ஒருவரின் முதுகு தெரிந்தது. எதிரே சுவரளவு கண்ணாடி. அதில் அவர் முகம், நாக்கை நீட்டியபடி. நாக்கு நோட்டுப் பக்கத்தின் வலது ஓரத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. கீழே: 'வலது நரம்பு கெட்டால் நாக்கு வலப்பக்கம் சாயும்.'

"யார் முகத்தைப் பார்த்து வரைஞ்சே?"

"என் முகத்தைத்தான். அலமாரிக் கண்ணாடி முன்னால நின்னு வரைஞ்சு, மீசை வெச்சேன். ஜனவரியில புரபசர் பிழை பார்க்கிறேன்னு நோட்டை வாங்கிட்டுப் போனார். ரெண்டு வாரம் வெச்சிருந்தார்."

"பிழை இருந்துச்சா?"

"ஒண்ணும் சொல்லலை சார்."

3.20.

தணிகாசலம் நோட்டைப் பார்த்ததும் தலையாட்டினார். "அதே மூஞ்சிதான் சார். ஆனா ஐயா படத்துல சலூன் இல்ல, சேர் இல்ல, கண்ணாடி இல்ல. அதெல்லாம் ஐயாவுக்குக் கௌரவக் கொறச்சலு. வெறும் மூஞ்சி, நாக்க நீட்டிக்கினு கீது."

"எப்ப மாட்டினீங்க?"

"பதினொன்றரைக்கு. இன்னா எழுதிக்கீதுன்னு கேட்டேன். நாக்கு வலப்பக்கம் சாயும்னாரு. நானும் படத்துக்குப் பக்கத்துல செவுத்துல முதுக வெச்சிக்கினு, வலப்பக்கம் நாக்க நீட்டிக் காட்னேன், தமாசுக்கு. படத்துல நாக்கு ஜன்னல் பக்கம் போவுது, என் நாக்கு கதவுப் பக்கம் போவுது. 'உங்காளு ஏன் ஐயா ராங் சைடுல போறாரு'ன்னேன். ஐயா சிரிக்கல. துணியப் போட்டு மூடுன்னுட்டாரு."

பொன்ராஜ் சுவரில் முதுகை வைத்து, நாக்கை வலப்பக்கம் நீட்டிப் பார்த்தார். எதிரே வந்த நர்ஸ் ஒருத்தி வந்த வழியே திரும்பிப் போனாள்.

3.40.

முதல்வர் டாக்டர் சுந்தரவல்லியும் பேராசிரியரும் பார்த்துக்கொண்டிருக்க, பொன்ராஜ் கல்லீரல் படத்தைத் தூக்கினார். பின்னால், சுவரைப் பார்த்தபடி, நரம்புப் படம் தொங்கியது.

"இங்கேயே ஒளிச்சு வெச்சிருக்கா, பாருங்க" என்றார் பேராசிரியர்.

"கோபத்துல எடுக்கிறவங்க கிழிச்சிருப்பாங்க, சார். இது கசங்கக்கூட இல்லை. பேர் எழுதின இடத்துல சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டிடக் கூடாதுன்னு பேப்பர் வேற வெச்சிருக்கு. அந்தப் பேர்மேல இவ்வளவு பிரியம் வேற யாருக்கு?"

பேப்பரை எடுத்தார். அன்றைய ஆங்கில நாளிதழின் பாதி. மூலையில் பேப்பர்காரர் பென்சிலால் பேராசிரியரின் வீட்டு எண்ணை எழுதியிருந்தார்: குவார்ட்டர்ஸ் 3. மிச்சப் பாதி பேராசிரியரின் கையில் விசிறுவதை நிறுத்தியிருந்தது.

"என் படத்தை நானே எதுக்கு ஒளிக்கணும்?"

"தப்பா இருக்கே, சார். கண்ணாடியில நம்ம வலப்பக்கம் நமக்கு வலப்பக்கமாவே தெரியும். ஆனா எதிர்ல உட்கார்ற நோயாளியோட வலப்பக்கம் நமக்கு இடப்பக்கம். இந்தப் பொண்ணு கண்ணாடியோட வரைஞ்சா, சரி. நீங்க சலூன் வேண்டாம்னு கண்ணாடியை எடுத்துட்டீங்க. நாக்கை மட்டும் அப்படியே விட்டுட்டீங்க. இன்னிக்குப் பதினொன்றரைக்கு மேல அந்தத் தப்பைப் பார்த்தவங்க ரெண்டு பேர். ஒருத்தர் சிரிச்சார். இன்னொருத்தர் மூடச் சொன்னார். டில்லிக்காரங்க வந்துட்டாங்க, திருத்த நேரமில்லை. படம் திருட்டுப் போனா அனுதாபம் கிடைக்கும். வரைஞ்ச பொண்ணு மேலேயே பழியைப் போட்டா, நாளைக்கு இது என்னுதுன்னு அவ சொன்னாலும் யார் நம்புவாங்க?"

சுந்தரவல்லி கைப்பையிலிருந்து பேராசிரியர் எழுதிய கடிதத்தை எடுத்தார். நிதானமாக நாலாகக் கிழித்து, பேராசிரியரின் கையிலேயே கொடுத்தார். "நாலு மணிக்கு ஏதாவது ஒரு படத்தைத் திறந்தாகணும், டாக்டர்."

பேராசிரியர் கல்லீரலைத் திறந்துவைத்து நாற்பது நிமிஷம் பேசினார். நல்ல கைத்தட்டல்.

மறுநாள், 11.10.

ஸ்டேஷனில் போன் அடித்தது.

"ஜஹனாரா பேசறேன் சார். பாஸ். பன்னிரண்டாவது கடையைத்தான் கேட்டாங்க."

"எப்படிச் சொன்னே?"

"சொல்லலை சார். நாக்கை நீட்டியே காட்டிட்டேன். எல்லாரும் பார்த்தாங்க. நம்ம புரபசர் மட்டும் தரையைப் பார்த்துக்கிட்டிருந்தார்."

போனை வைத்துவிட்டு, நாலு நாளில் முதல் தடவையாக பொன்ராஜ் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.