சூரா விட்டுக்கொடுத்த பங்கு

மீரிமின் சட்டைக் கை நனைந்திருந்தது. முழங்கை வரைக்கும், பிழிந்தால் சொட்டுகிற மாதிரி.

"எங்கடி போய் நனைச்சே?"

"குளியலறையில."

"குழாயில காலையிலேர்ந்து தண்ணியே வரலையே."

"எனக்கென்ன தெரியும்? இருந்துச்சு."

கனிஷாய் அந்த ஈரத்தைத் தொட்டவள் விரலை உடனே எடுத்துக்கொண்டாள். குழாய்த் தண்ணீரின் குளிர்ச்சி இல்லை அது; அதைவிடக் கடுமையானது. மகளுக்கு ஏழு வயது. நிமோனியாவில் பதினெட்டு நாள் கிடந்து, முந்தாநாள்தான் வீடு திரும்பியிருந்தாள். இன்னொரு தடவை நெஞ்சில் குளிர் இறங்கினால் இந்தப் பிள்ளை தாங்காது, ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் மேலே படக்கூடாது என்று டாக்டரம்மா விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லி அனுப்பியிருந்தாள். கனிஷாய் அவளைத் துடைத்து, கம்பளிச் சட்டை மாட்டி, கூடத்துச் சோபாவில் போர்வைக்குள் திணித்தாள். உதட்டைப் பார்த்தாள். நீலம் இல்லை.

"அசைஞ்சே, காலை உடைப்பேன்."

"உடைச்சா மறுபடி ஆஸ்பத்திரிக்கு நீதான் தூக்கிட்டுப் போகணும்."

வாய்க்கு மட்டும் குறைச்சலில்லை. கனிஷாய் சிரித்துக்கொண்டே சமையலறைக்குத் திரும்பினாள். மணி மூன்றுதான். ஆனாலும் பிஷ்கெக்கின் ஜனவரிப் புகை எதிர்க் கட்டடத்தை விழுங்கிவிட்டு ஜன்னல் கண்ணாடி வரைக்கும் வந்து நின்றது. இந்தப் புகையால்தான் பள்ளிக்கூடங்களை மூடி, பாடத்தைக் கணினியில் நடத்தச் சொல்லியிருந்தார்கள். வேதியியல் டீச்சரான கனிஷாயிடம் கணினி இல்லை. எஜே என்று எல்லோரும் அக்கா முறை வைத்துக் கூப்பிடும் பள்ளி நூலகத்து சூரா, "என்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்கு, வந்து எடுத்துக்கோ" என்றபோது கடவுளே அனுப்பினார் என்றுதான் நினைத்தாள்.

காசு வேண்டாம் என்றுவிட்டாள் சூரா. லேப்டாப்பைக் கையில் கொடுக்கும் முன்னால், "என் பங்கை உனக்கு விட்டுக்கொடுத்தேன். வாங்கிக்கிட்டேன்னு சொல்லு" என்று மட்டும் கேட்டாள்.

"இதென்ன எஜே, குதிரையா கைமாத்துறோம்?"

"சொல்லேன்டி."

"வாங்கிக்கிட்டேன், வாங்கிக்கிட்டேன். போதுமா?"

நேற்றே அதைத் துடைத்துப் புதிதாக ஓ.எஸ். போட்டாயிற்று. பென்டிரைவைச் செருகி, உள்ளே பிரித்து வைத்திருந்த பகுதிகளை ஒவ்வொன்றாக அழித்து, பெயர் கேட்ட இடத்தில் கனிஷாய் என்று தட்டியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இன்று காலை திறந்தால் திரையில் வேறு பெயர். பேகாயிம். பெயருக்கு மேலே, படம் வைக்காதவர்களுக்கு வருகிற வட்டம், அதற்குள் சாம்பல் நிறத்தில் முகமில்லாத ஒரு தலை.

சரி, எங்கேயோ தப்பு செய்திருப்போம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் அழி. உறுதியாகவா? ஆமாம். திரை நீலமாகி எண்கள் ஏற ஆரம்பித்தன. பக்கவாட்டு விசிறி மெல்ல முனகி வெதுவெதுப்பாய் ஒரு மூச்சை அவள் மணிக்கட்டின்மேல் விட்டது. அந்த மூச்சில் சூடான பிளாஸ்டிக் வாசனை இல்லை. சாவு வீட்டில் கொளுத்துகிற ஆர்ச்சா மரத்து ஊசியிலையின் புகையும், அதற்கடியில் துணி சோப்பும் மணத்தன. அப்பாவின் உடலைக் கிடத்தியிருந்த அன்றைக்கு முற்றத்துக் கூடாரத்துக்குள் அவள் நுகர்ந்த அதே வாசனை.

அவள் சூராவுக்குப் போன் போட்டாள்.

"எஜே, பேகாயிம் யாரு?"

"யாரு சொன்னா?"

"லேப்டாப்தான் சொல்லுது. எத்தனை தடவை அழிச்சாலும் வந்து உக்காந்துக்குது. உங்க வீட்டுப் பொண்ணா? மருமகளா வரமாட்டேன்னு ஓடிப்போனவளா?"

வழக்கமாக இந்தக் கேலிக்குப் பத்துக் கேலி திருப்பித் தருகிற சூரா, பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தாள்.

"என் நாத்தனார் பொண்ணு. வாடகை ரூம்ல கரி அடுப்பு வச்சுக்கிட்டுத் தூங்கினா. எந்திரிக்கல. நவம்பர்ல."

"ஐயோ எஜே, தெரியாமப் பேசிட்டேன்..."

"அப்புறம் கூப்பிடுறேன்."

வைத்துவிட்டாள்.

திரையில் எண் நாற்பத்தொன்றில் நின்றிருந்தது. வீடு முழுக்க ஒரு ஓசையுமில்லை; வெப்பக் குழாயின் கடகடப்புகூட இல்லை. அந்த அமைதிக்குள் எங்கேயோ தண்ணீர் விழுந்தது. குழாயிலிருந்து விழுகிற ஓசை இல்லை. மூக்குள்ள கெண்டியைச் சாய்த்து, அளந்து அளந்து, மெல்லிய தாரையாக ஊற்றினால் கேட்குமே, அது. கொஞ்ச நேரம் ஊற்றும். நிற்கும். மறுபடி ஊற்றும்.

"மீரிம்?"

"ம்ம்?"

சோபாவிலிருந்துதான் குரல் வந்தது. கனிஷாய்க்கு மூச்சு திரும்பியது. மேல்வீட்டில் யாராவது வாளியில் பிடித்து வைத்திருப்பார்கள்.

திரையில் வரி மாறியது. *எல்லாவற்றையும் தயார் செய்கிறோம்.*

போன் அடித்தது. சூரா அழுதுகொண்டிருந்தாள்.

"கனிஷாய், அதை எடுத்துட்டுப் போய் எங்கயாச்சும் வச்சிடு. வீட்டுல வச்சுக்காதே."

"என்ன எஜே சொல்றீங்க?"

"அவளைக் கழுவினப்போ என்னைத் தலைமாட்டுல நிக்கச் சொன்னாங்க. சொந்தத்துல நான்தானே மூத்தவ. தலையைத் தாங்கிப் பிடிச்சு, முடியைக் கழுவணும். எனக்குப் பயம்டி. தொடவே முடியல. துணிக்கடியில யாருக்குத் தெரியப் போவுது? கண்ணை மூடிக்கிட்டு வெறுங் கெண்டியைச் சாய்ச்சேன். சொட்டுத் தண்ணியில்ல. கழுவியாச்சுன்னு சொன்னேன். அப்படியே கொண்டுபோய்ப் பொதைச்சுட்டாங்க."

கழுவினவர்களுக்குச் செத்தவர் பொருளில் பங்கு உண்டு. தலையைப் பிடித்தவருக்கு நல்ல பங்கு.

"இது அந்தப் பங்கா?"

"என் வீட்டுல தினம் தண்ணிச் சத்தம். தூங்கவே விடல."

"அதான் எனக்குக் குடுத்தீங்களா?"

"பங்கைச் சும்மா தூக்கிக் குடுத்தா போகாதுடி. வாங்கிக்கிட்டேன்னு வாயால சொல்லணும். நீ ரெண்டு தடவை சொன்னே."

"எஜே! எனக்குப் பிள்ளை இருக்கே எஜே!"

"எனக்கு மட்டும் இல்லையா?"

தொடர்பு அறுந்தது.

கனிஷாய் பென்டிரைவைப் பிடுங்கினாள். எண்கள் நிற்கவில்லை. எழுபது. எண்பது. மின்கம்பியை உருவினாள். தொண்ணூறு. விசிறி பெரிதாய் மூச்சு விட்டது. சோப்பு வாசனை தொண்டையில் இறங்கியது.

*கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அணைத்துவிடாதீர்கள்.*

மூடியை அறைந்து சாத்தினாள். அந்த நொடியே தண்ணீர் ஓசையும் நின்றது.

"மீரிம், எந்திரி. கிளம்பலாம். ஷூவைப் போடு."



கூடத்துக்கு ஓடினாள். போர்வை சோபாவில்தான் இருந்தது. குவிந்து. பிள்ளை படுத்திருக்கிற மாதிரியே. விலக்கினாள். அடியில் ஒன்றுமில்லை. மெத்தை நனைந்திருந்தது.

தரையில் சின்னச் சின்ன ஈரப் பாதங்கள். குளியலறை வரைக்கும்.

கதவு சாத்தியிருந்தது. கீழிடுக்கில் தண்ணீர் கசிந்தது.

தள்ளினாள்.

தொட்டியின் கால்மாட்டில் மீரிம் நின்றுகொண்டிருந்தாள். கணுக்கால் வரை தண்ணீர். உதடு நீலம். நடுக்கம்கூட நின்றுபோயிருந்தது. இரண்டு கையாலும் ஒரு கெண்டி. அந்த வீட்டில் கெண்டியே கிடையாது.

தொட்டியில் ஒரு வெள்ளைத் துணி. துணிக்கடியில் ஆள் நீளத்துக்கு ஓர் உருவம். தலைமாட்டில் துணியைத் தாண்டி விளிம்பு வழியாகக் கறுப்பு முடி தொங்கியது. காய்ந்து. மண் ஒட்டி.

"அம்மா," என்றாள் மீரிம் மெல்ல. "தலையைப் பிடிக்க ஆள் வரலையாம். இவ்வளவு நாளாக் காத்துக்கிட்டு இருக்காங்க."

"அதைக் கீழ வைடா கண்ணு. அம்மாகிட்ட வா."

"விடமாட்டாங்க. நீ பிடிக்கலைன்னா நான் பிடிக்கணுமாம்."

மீரிம் ஒரு அடி எடுத்து வைத்தாள். தலைமாட்டுப் பக்கம். இன்னொரு அடி.

"நில்லு!"

கனிஷாய் மண்டியிட்டாள். ஈரத் தரையில். முடிக்குப் பக்கத்தில். ஆர்ச்சாப் புகை கண்ணைக் கரித்தது. இரண்டு உள்ளங்கையையும் ஏந்தினாள். நீட்டினாள்.

துணிக்கடியில் அந்தத் தலை, அவள் கை நுழைய இடம் விட்டு, மெல்லத் தானாக மேலே எழும்பியது.