இரண்டாம் தூணைத் தாண்டி வந்த தோணி

சிவப்பு இலைக்கொத்து இன்று வெயில் உச்சிக்கு ஏறுவதற்கு முன்பே மிதந்து வந்துவிட்டது.

"அண்ணனுக்கு அப்படி என்ன அவசரம்? ராத்திரி சமாதானம் ஆயிட்டீங்களா அண்ணி?" என்று நாத்தனார் பலோ சிரித்தாள்.

"வாய மூடிட்டுப் போய் அடுப்ப மூட்டுடி."

பலோ மேடேறிப் போனாள். துறையில் வேனி மட்டும் நின்றாள்.

ஆறு சிறியதுதான். ஊருக்கு மேலே முதல் எல்லைத்தூணைத் தாண்டி இந்தோனேசியாவுக்குள் போய், பெரிதாக ஒரு வளைவு வளைந்து, இரண்டாம் தூணருகே மறுபடி பப்புவா நியூ கினிக்குள், இந்தத் துறைக்கே வந்துவிடும். முதல் தூணிலிருந்து துறைக்கு மேட்டு வழியாக நடந்தால் பத்து நிமிடம். தண்ணீரில் அரை நாள். வேனியின் கணவன் யாக்கோ மாவு எடுக்கும் சேகோ பனைகள் அந்த வளைவுக்குள் இருந்தன. கோடு கிழித்தவர்கள் அவனைக் கேட்டுக் கிழிக்கவில்லை. விடியலில் தோணியில் போகிறவன், திரும்பும்போது இரண்டாம் தூணருகே ஒரு கொத்தை ஒடித்து நீரில் மிதக்க விடுவான். அடுப்பு மூட்டு, வருகிறேன் என்று அர்த்தம்.

வேனி குனிந்து கொத்தை எடுத்தாள். ஒடித்துச் சற்று நேரமே ஆகியிருக்க வேண்டிய காம்பு, பாசி படர்ந்து, தொட்டதும் கூழாகி விரல்களில் ஒட்டியது.

வளைவிலிருந்து வந்த நீர் கல்லில் மோதியும் சத்தமில்லாமல் வழிந்தது. ஊறிப்போன மரப்பட்டையும் புளித்த சேகோ மாவும் கலந்த வாடை அதன்மேலே தவழ்ந்து வந்து அவள் தொண்டைக்குள் இறங்க, அக்கரைக் காட்டில் இவ்வளவு நேரம் கத்திக்கொண்டிருந்த பறவைகள் ஒவ்வொன்றாக அடங்கின.

தோணி வந்தது.

துடுப்புப் போட ஆளில்லை. விளிம்பெல்லாம் பெரணி முளைத்திருந்தது. அதுவாக வந்து கரையில் முட்டி நின்றது. உள்ளே, மழைநீரில், எலும்புகள். யாரோ. எந்தக் காலத்திலோ செத்த யாரோ.

கை எலும்பில் ஒரு நார்க்காப்பு.

நேற்று மாலை அவள் பின்னியது. மூன்றாம் வரிசையில் அவள் தவறவிட்ட முடிச்சு. யாக்கோ அதைக் காட்டிக் கேலி செய்துவிட்டு, விடியலில் கையில் மாட்டிக்கொண்டுதான் போயிருந்தான்.

 

அப்போது வளைவுக்கு அப்பாலிருந்து குரல் கேட்டது.

"வேனீ! அடுப்பு மூட்டியாச்சா? பசி உயிரு போவுது!"

யாக்கோவின் குரல்.

மேட்டிலிருந்து பலோ ஓடிவந்தாள். "அண்ணே! வந்துட்டியா? இவ்வளவு சீக்கிரமா?"

இரண்டாவது தோணி வந்தது. புதுச் சேகோ மூட்டைகள். நடுவில் அவன். அதே தோள். அதே சிரிப்பு. பலோ எதையும் பார்க்காமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள்.

போகாதே. கத்த நினைத்தாள் வேனி. சத்தம் எழவில்லை.

அவன் இறங்கித் தங்கையைத் தோளோடு அணைத்துக்கொண்டான். அவள் தலைக்கு மேலாக அந்தப் பழைய தோணியைப் பார்த்தான். திடுக்கிடவில்லை. ஒற்றைக் காலால் மெல்ல அதை நீரோட்டத்துக்குள் தள்ளிவிட்டான்.

பிறகு வேனியைப் பார்த்து, உதட்டின்மேல் விரலை வைத்தான்.