பதினேழாவது ட்யூப் எங்கே?

"ஐயோ... பூட்டை உடைச்சிருக்காங்க!"

டாக்டரம்மாவின் அலறல் ஆராய்ச்சிக்கூடத்தையே உலுக்கியது.

ஃப்ரீஸர் வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளே ஆரோக்கியமான பெண்கள் தானமாகக் கொடுத்த கர்ப்பப்பை வாய்த் திசுக்கள். பதினேழாம் நம்பர் ட்யூப் மட்டும் மாயம்!

இன்ஸ்பெக்டர் வந்தார். எட்டிப் பார்த்தார்.

"சுண்டுவிரல் சைஸ் ட்யூபுக்கா என்னைக் கூப்பிட்டீங்க மேடம்?"

"பல வருஷ உழைப்பு சார்! மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு துக்கடா மூலக்கூறு. ஜீன்களோட வாயை அடைக்கிறதுதான் அதோட வேலை. அதுல சிலது எகிறிட்டா, கட்டியை அடக்கி வைக்கிற ஜீன் ஊமையாயிடும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வளரும்... பரவும். நோயாளிங்களோட ஒப்பிட ஆரோக்கியமான சாம்பிள் வேணும். அது போச்சுன்னா ஆராய்ச்சியே அம்போ!"

"யார் மேல சந்தேகம்?"

"என் நாத்தனார். இங்கேதான் திசுக்களைப் பரிசோதிக்கிற பேத்தாலஜிஸ்ட். பதினேழாம் நம்பர்ல அந்த ஆர்.என்.ஏ. அளவு எகிறுதுன்னு நச்சரிச்சா. மெஷின் கோளாறுன்னு தள்ளி வெச்சேன். எல்லாம் பொறாமை சார்!"

"இல்லை அண்ணி..."

வாசலில் நாத்தனார்! கண்கள் வீங்கியிருந்தன. கையில் ஒரு ஸ்லைடு.

"பூட்டை உடைச்சது நான்தான். மைக்ரோஸ்கோப்ல பார்க்கத் துளி திசு கேட்டேன். நீங்க தரலை."

"ஒத்துக்கிட்டா! அரெஸ்ட் பண்ணுங்க சார்!"

"பண்ணட்டும். முதல்ல இதைப் பாருங்க."

டாக்டரம்மா வேண்டாவெறுப்பாக மைக்ரோஸ்கோப்பில் குனிந்தாள்.

கோணல்மாணலான செல்கள். எல்லை தாண்டி உள்ளே இறங்கியிருந்தன.

கேன்சர்!

"மெஷின் சரியாத்தான் சொல்லியிருக்கு... பாவம், யாருடி இந்தப் பொண்ணு? முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"சாம்பிள் கொடுத்தவங்க பேர் என்கிட்ட மட்டும்தான் இருக்கணும், உங்ககிட்டகூட சொல்லக் கூடாதுன்னு விதி போட்டதே நீங்கதான். நிச்சயமாத் தெரியாம எப்படி மீறுவேன்?"

"இப்பத் தெரிஞ்சாச்சே. சொல்லு!"

நாத்தனாரின் குரல் உடைந்தது.

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு மத்தவங்களுக்கு தைரியம் சொல்ல, சாம்பிள் கொடுக்க நீங்களும் போய்ப் படுத்தீங்களே அண்ணி..."



டாக்டரம்மாவுக்கு அழுகை வரவில்லை. பயமும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. க்ளவுஸை மட்டும் நிதானமாகக் கழற்றினாள்.

"பரவியிருக்கா?"

"ஸ்கேன் பார்த்தாத்தான் தெரியும். இன்னிக்கே அட்மிட் ஆகுங்க."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார்.

"அப்ப... திருட்டு கம்ப்ளெயின்ட்?"

"பூட்டை உடைச்சவளை விட்டுடுங்க சார். உடைக்காமலே உள்ளே பூந்தவன் ஒருத்தன் இருக்கான்... அவன் கைக்குச் சேர்ற சைஸ்ல விலங்கு இருந்தா எடுத்துட்டு வாங்க!"